தளர்வு கேட்டு எம்.எல்.ஏ.விடம் போகிறவர்களுக்கு ஒரு பி.ஏ. சொல்வது

எங்கள் தொகுதி அலுவலகத்து பீரோவின் அடித்தட்டில் இரண்டு கட்டைப்பைகள் இருக்கின்றன. இரண்டிலும் கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்த மனுக்கள். டெல்டாவில் ஆற்றங்கரையோரம் ஒரு தொகுதி, அதற்கு ஒரு எம்.எல்.ஏ., அவருக்கு நான் பி.ஏ., அதாவது உதவியாளர். அறிமுகம் இவ்வளவு போதும். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இங்கே அது தேவைப்படாது. போன மாதம் வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது பைகளைப் பிரித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்நூறு மனுவுக்குக் குறையாது. முக்கால்வாசி ஒரே வாக்கியத்தில்தான் முடிகின்றன: "ஆகவே எங்கள் வாழ்வாதாரம் கருதி முழுத் தளர்வு கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." எங்களால் ஆவது என்ன என்று எழுதியவருக்கும் தெரியாது. அப்போது பல நாள் எங்களுக்கே தெரியவில்லை.

அடுத்த தொற்று எப்போது வருமோ, வராமலே போகுமோ. வந்தால் கடை மூடும், மண்டபம் மூடும், பஸ் நிற்கும், நீங்கள் மறுபடி ஒரு வெள்ளைத் தாளோடு எங்கள் வாசலில் நிற்பீர்கள். எப்படி எழுதினால் அந்தத் தாள் என் மேசையைத் தாண்டிப் போகும் என்று, அந்த இரண்டு பைகளையும் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது விளக்கமா, விலக்கா, தளர்வா?

தளர்வு கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது தளர்வே இல்லை. இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பத்து நாள் அலைச்சல் மிச்சம்.

விளக்கம் என்பது, உத்தரவிலேயே உங்கள் தொழிலுக்கு அனுமதி இருந்தும் அது யாருக்கும் தெரியாமல் இருப்பது. 2020 ஏப்ரலில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் வந்தார். ஷட்டரைத் தூக்கினாலே மூடச் சொல்கிறார்களாம். "அறுப்பு மிஷினுக்கு பெல்ட்டு கேட்டு வாசல்ல நிக்கிறாங்க சார், நான் என்ன பண்ண?" என்றார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் மத்திய உள்துறை அமைச்சகம், விவசாய இயந்திரக் கடைகள், உதிரிபாகங்கள், பழுதுபார்க்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி தந்து கூடுதல் உத்தரவு போட்டிருந்தது. அவருக்குத் தெரியாது. மூடச் சொன்னவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கே மறுநாள் தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னோம், இன்னொன்றைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னோம். எம்.எல்.ஏ. ஒரு போன் செய்தார். வேலை முடிந்தது.

ஆகவே வருவதற்கு முன்னால் உத்தரவை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். டி.வி.யில் ஓடும் வரியையோ வாட்ஸ்அப்பில் வரும் அட்டையையோ நம்பி வரவேண்டாம். முதலமைச்சர் அலுவலகச் செய்தி வெளியீடு தமிழிலேயே வரும். பின்னால் வரும் அரசாணை ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் உங்கள் தொழிலின் பெயரைத் தேட அதுவே போதும். வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

விலக்கு என்பது ஒரு ஆளுக்கோ ஒரு காரியத்துக்கோ மட்டும். டயாலிசிஸுக்கு வேறு மாவட்டம் போக வேண்டும், சாவுக்குப் போக வேண்டும், இந்த மாதிரி. 2020இல் இதற்கெல்லாம் இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரத்தோடு போன் எண் கொடுத்தால் உடனே கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அதுவும் வேண்டாம் என்று ஆனது. அதுவரை எங்கள் அலுவலகம் டிராவல்ஸ் ஆபீஸ் மாதிரிதான் இருந்தது. இதற்கு எம்.எல்.ஏ. லெட்டர் பேடில் சிபாரிசு கேட்டு நிற்பது வீண். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கிறவரிடம் சரியான காகிதங்களோடு நேரே போவதுதான் வேகம்.

தளர்வு என்றால் உத்தரவில் இருக்கும் வரியே மாற வேண்டும். இனிமேல் சொல்வதெல்லாம் இதற்குத்தான்.

வரியை மாற்றுவது யார்?

எம்.எல்.ஏ. இல்லை. இதை எங்கள் வாயால் சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு உத்தரவுகள் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தவை. வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் அரசாணையாக, தலைமைச் செயலாளர் பெயரில் வரும். அதற்கும் மேலே மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருந்தது. மத்திய அரசு போட்ட கோட்டை மாநிலம் இன்னும் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தியேட்டர் கதையே போதும். 2021 ஜனவரி 4 அன்று தியேட்டர்களில் 100 சதவீத இருக்கைகளுக்கு அனுமதி என்று தமிழக அரசு உத்தரவு போட்டது. பொங்கல் வருகிறது, எல்லாருக்கும் சந்தோஷம். மத்திய வழிகாட்டுதலில் 50 சதவீதம்தான் இருந்தது. டெல்லியிலிருந்து கடிதம் வந்தது, நீதிமன்றத்துக்கும் விஷயம் போனது. ஜனவரி 8 அன்று பழையபடி 50 சதவீதம் ஆகிவிட்டது. நாலு நாள் தளர்வு. எங்கள் ஊர் தியேட்டர்க்காரர் அந்த நாலு நாளில் ஆள் வைத்து நாற்காலிகளில் ஒட்டியிருந்த பெருக்கல் குறி ஸ்டிக்கரையெல்லாம் உரித்துவிட்டார். திரும்ப ஒட்டும்போது அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

அப்புறம் மாவட்ட ஆட்சியர். அவரால் மாநில உத்தரவைத் தாண்டித் திறக்க முடியாது, ஆனால் இடத்தை மாற்ற முடியும், டோக்கன் முறை கொண்டுவர முடியும், தொற்று வந்ததால் அடைத்து வைத்த கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லையைச் சரிசெய்ய முடியும். 2020இல் எத்தனையோ ஊர்களில் காய்கறிச் சந்தையை பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றினார்களே, அதெல்லாம் இந்த வகை. "திறக்க விடுங்கள்" என்பதை "வேறு இடத்தில் நடத்த விடுங்கள்" என்று மாற்ற முடியுமானால் உங்கள் மனு சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

சட்டமன்றத்தில் பேசலாமே என்பார்கள். 2020 மார்ச் 24ஆம் தேதியோடு கூட்டத்தொடரை முடித்தார்கள். மறுபடி கூடியது செப்டம்பர் 14 அன்று, கலைவாணர் அரங்கத்தில், மூன்றே நாள். நடுவில் கிட்டத்தட்ட ஆறு மாதம் எம்.எல்.ஏ.வுக்குக் கடிதமும் போனும்தான். 2021 மே மாதம் நிலைமை கொஞ்சம் மாறியது. முதலமைச்சர் தலைமையில் எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த 13 சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு அமைத்தார்கள். முன்னாள் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர், மருத்துவர் எழிலன், ஜி.கே. மணி, நயினார் நாகேந்திரன், நம்ம டெல்டாவிலிருந்து நாகை மாலி என்று வெவ்வேறு கட்சிக்காரர்கள். மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அமைச்சரும் வந்தார். உங்கள் எம்.எல்.ஏ. அந்தக் குழுவில் இல்லாவிட்டால் என்ன, அவர் கட்சிக்காரர் ஒருவர் இருப்பார், மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் பொறுப்பு அமைச்சர் எதிரே உட்காருவார். மனுவை எம்.எல்.ஏ.விடம் கொடுப்பதன் பிரயோஜனம் அங்கேதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். மருத்துவ நிபுணர்களோடும் அந்தக் குழுவோடும் பேசிய பிறகு 2021 மே 22 அன்று முதலமைச்சர் அறிவித்தது, தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. எம்.எல்.ஏ. என்றால் எப்போதும் திறக்கத்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அதற்கு முந்தின நாள் மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. 2020 ஜூன் 10 அன்று சேப்பாக்கம் எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன் கொரோனாவில் இறந்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் மனு வாங்குவது ஜன்னல் வழியாகத்தான் என்று ஆனது. கட்சி பார்க்காமல் எல்லா எம்.எல்.ஏ. வீட்டிலும் அன்று ஒரு பயம் புகுந்தது.

எங்கள் அண்ணன் என்ன நினைத்தார்

அண்ணன் என்று நான் சொல்வது எம்.எல்.ஏ.வை. தொகுதியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். தளர்வு விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: கடை நேரத்தைக் குறைக்கக் குறைக்கக் கூட்டம்தான் கூடும். 2020 ஏப்ரலில் சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தின நாளான 25ஆம் தேதி மார்க்கெட்டுகளில் ஜனம் முண்டியடித்ததை டி.வி.யில் பார்த்துவிட்டு, "தொத்து பரவாம இருக்கப் பூட்டுறோமா, பரவ விட்டுட்டுப் பூட்டுறோமா?" என்று டீயைக் கீழே வைத்தார். ஆய்வுக் கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, மளிகைக்கும் காய்கறிக்கும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம். முழுத் திறப்பை ஒருநாளும் கேட்கவில்லை.

ஆனால் கோயம்பேட்டையும் அவர் மறக்கவில்லை. அந்த மார்க்கெட்டை 2020 மே 5 அன்று மூடினார்கள், காய்கறிக் கடைகள் திரும்பத் திறந்தது செப்டம்பர் 28. அங்கே மூட்டை தூக்கப் போன பிள்ளைகள் லாரி ஏறி ஊர் திரும்பியதும் அரியலூர், கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் எண்ணிக்கை எகிறியது. எங்களுக்கு ஆற்றுக்கு அந்தக் கரை வேறு மாவட்டம். அந்த மே மாதம் அங்கிருந்து யாராவது பாலம் தாண்டி வந்தால் ஊரே ஒதுங்கி நின்றது. அடுத்த ஜூனில் கதை தலைகீழ். 2021 ஜூன் 7 முதல் 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு, மேற்கிலும் டெல்டாவிலுமாக 11 மாவட்டங்களுக்குக் கிடையாது என்றார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலும் அந்தப் பதினொன்றில். இப்போது அக்கரையில் கடை திறந்திருந்தது, இக்கரையில் பூட்டு.

யார் மனு கொண்டு வந்தாலும் அண்ணன் கேட்பது ஒரே கேள்விதான். "மூடினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்யா. திறந்தா எப்படி நடத்துவீங்க, அதைச் சொல்லு." இதற்குப் பதில் இருந்த மனுக்களை மட்டும்தான் அவர் தன் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனார்.

காயில் கட்டும் கடைக்காரர்கள் எழுதிய இரண்டு மனுக்கள்

அந்தப் பையில் போன ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். உங்கள் மனுவை இதைப் பார்த்து எழுதலாம்.

2021 ஜூன் 6, ஞாயிறு சாயங்காலம். மோட்டார் காயில் கட்டும் மெக்கானிக்குகள் மூன்று பேர் வந்தார்கள். குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த நேரம். மேட்டூர் 12ஆம் தேதி திறந்தாலும் கல்லணைக்கு வந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாள் ஆகும், அதுவரை போர் மோட்டார்தான் கதி. மின்னழுத்தம் ஏறி இறங்கி மோட்டார்கள் எரிகின்றன, கட்டிக்கொடுக்கக் கடை இல்லை. அவர்கள் கொண்டு வந்த மனுவில் இதில் ஒரு வரி கூட இல்லை. "அனைத்து வகைக் கடைகளையும் திறக்க", "வாழ்வாதாரம்", "ஆவன". கூடவே, டாஸ்மாக் திறந்தபோது பரவாத கொரோனா எங்கள் கடையில்தான் பரவுமா என்று ஒரு பத்தி.

நான் ஒரு தாளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஒன்றியத்தில் மொத்தம் எத்தனை கடை? அவர்களுக்கே தெரியவில்லை. விரல் விட்டு எண்ணி 14 என்றார்கள். ஒரு கடையில் எத்தனை பேர் வேலை? இரண்டு. ஒரு மோட்டார் கட்ட எவ்வளவு நேரம்? அரை நாள், வார்னிஷ் காய ஒரு ராத்திரி. வாடிக்கையாளர் உள்ளே வர வேண்டுமா? "வேண்டாம் சார், மோட்டாரை வாசல்ல இறக்கி வச்சிட்டுப் போனாப் போதும், போன் பண்ணிச் சொல்லுவோம்." சரி, இதுதானே முக்கியம், இதை ஏன் எழுதவில்லை? மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். நாளைக்கே திறக்கச் சொன்னால் காப்பர் ஒயர் இருக்கிறதா? இல்லை. திருச்சியிலிருந்துதான் வர வேண்டும். நல்லவேளை, திருச்சி அந்தப் பதினொன்றில் இல்லை, 7ஆம் தேதி முதல் மின்பொருள் கடைகளுக்கு அங்கே அனுமதி. ஆனால் 14 பேரும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினால் எல்லையில் நிறுத்துவார்கள். ஆகவே ஒரே சரக்கு ஆட்டோ, எல்லாருக்கும் சேர்த்து வாரம் ஒருமுறை வாங்கி வருவது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தையல் கடைக்கு அனுமதி கேட்பார்கள், நூல் கடை மூடியிருக்கும். உங்கள் கடைக்கு முன்னாலும் பின்னாலும் எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று பார்த்து அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். பொருள்: குறுவைப் பருவத்துக்காக பம்பு செட் பழுதுநீக்கும் கடைகளை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறக்க அனுமதி வேண்டுதல். பார்வை: நடப்பு ஊரடங்கு உத்தரவின் தேதி. அதன்கீழ் 14 கடைகளின் பெயர், ஊர், கைப்பேசி எண். காலையில் நாலு மணி நேரம் போதும், ஷட்டர் பாதிதான் திறக்கும், வாசலில் கயிறு, மோட்டாருக்கு டோக்கன், கடைக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை, இருவரும் தடுப்பூசி போட்டுக்கொள்வோம். மீறினால் அந்தக் கடையை மூடச் சங்கமே சம்மதிக்கும். கடைசி வரி எழுதும்போது ஒருவர் தயங்கினார். மற்ற இருவரும் எழுதச் சொன்னார்கள்.

திங்கள் காலை அண்ணன் தன் கடிதத்தை மேலே வைத்து ஆட்சியருக்கு ஒன்று, பொறுப்பு அமைச்சருக்கு ஒன்று, வேளாண்மைத் துறைக்கு ஒன்று என்று அனுப்பினார். ஜூன் 11, வெள்ளிக்கிழமை வந்த அறிவிப்பில் அந்த 11 மாவட்டங்களிலும் வேளாண் உபகரணங்கள், பம்பு செட் பழுதுநீக்கும் கடைகள் காலை 9 முதல் மதியம் 2 வரை இயங்கலாம் என்று இருந்தது. எங்கள் கடிதத்தால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பதினொரு மாவட்டத்து விவசாயிகளும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் மட்டும் அன்று ராத்திரியே ஃபிளெக்ஸ் அடிக்கப் போனார், ஃபிளெக்ஸ் கடை பூட்டியிருந்ததால் தப்பித்தோம்.

எந்த நாளில் கொடுப்பது

உத்தரவு எந்த நாள் முடிகிறது என்று பாருங்கள். 2020இல் பெரும்பாலும் மாதக் கடைசியில் முடியும். அதற்கு ஓரிரு நாள் முன்னால் முதலமைச்சர் ஆட்சியர்களோடு காணொலியில் பேசுவார், மருத்துவ நிபுணர் குழுவோடு பேசுவார், பிறகு அறிவிப்பு. 2021 மே, ஜூனில் வாராவாரம் திங்கள் காலை 6 மணிக்கு முடிந்தது. அறிவிப்பு வெள்ளி, சனி, சில சமயம் ஞாயிறு. ஆகவே திங்கள், செவ்வாய்க்குள் மனு ஆட்சியர் மேசையில் இருந்தால் அவர் சென்னையோடு பேசும்போது அது அவர் கண்ணில் படும். வியாழக்கிழமை கொடுத்தது அடுத்த வாரத்துக் கணக்கு. அறிவிப்பு வந்த ராத்திரியே கோபமாக ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அன்று யாராலும் எதையும் மாற்ற முடியாது. தூங்கி எழுந்து, தாளோடு வாருங்கள்.

மாவட்டத்தின் எண்ணிக்கையும் கையில் இருக்கட்டும். தினசரி அறிக்கையில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்குத் தொற்று என்று வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 2,000 பேரைப் பரிசோதித்து 100 பேருக்கு இருந்தால் 5 சதவீதம். இந்த 5 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருந்தது. உங்கள் மாவட்டம் 15 சதவீதத்தில் இருக்கும்போது கல்யாண மண்டபத்துக்கு அனுமதி கேட்டு வந்தால், அண்ணன் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார். ஒரு நாள் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறைந்தால் தொற்றும் குறைந்த மாதிரிதான் தெரியும். ஏழு நாளைக் கூட்டிப் பாருங்கள்.

எழுத வேண்டாதவை

டாஸ்மாக் பத்தி. கோபம் நியாயமானதுதான். 2020 மே 7 அன்று திறந்தார்கள், 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது, 16ஆம் தேதி மறுபடி வரிசை. பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரனுக்கு எரியாதா? ஆனால் மனுவைப் படிக்கிற அதிகாரி அந்தப் பத்தியோடு மடித்து வைத்துவிடுவார், உங்கள் நாலு மணி நேரக் கோரிக்கை அடுத்த பத்தியில் இருக்கும்.

பக்கத்து ஊரைக் காட்டுவதும் அப்படித்தான், ஒரு விதிவிலக்கோடு. 2020 மே 19 முதல் கிராம ஊராட்சிகளில் சலூன் திறக்கலாம் என்றார்கள். எங்கள் பேரூராட்சியில் 24ஆம் தேதி வரை கிடையாது. நடுவில் ஒரே ஒரு தார்ச்சாலைதான். இந்தப் பக்கத்து சலூன்காரர் தன் வாடிக்கையாளர்கள் வரிசையாக அந்தப் பக்கம் போய் முடிவெட்டிக்கொண்டு, தன் கடை வாசல் வழியாகவே திரும்புவதை ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி எல்லைக் கோடு உங்களைக் குறுக்கே வெட்டினால் கட்டாயம் எழுதுங்கள். ஒரு கையால் வரைந்த படத்தோடு எழுதுங்கள். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தார்ச்சாலை தெரியாது.

கிடைத்த பிறகு

உத்தரவின் நகலைக் கடையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள், மூடும் நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நேரத்தை அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய அப்பாவையும் மகனையும், அனுமதித்த நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித்தான் காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். சில நாளில் இரண்டு பேரும் இறந்துபோனார்கள், வழக்கு சி.பி.ஐ. வரை போனது. அதற்குப் பிறகு எங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் அண்ணன் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் எழுதிக்கொண்டு போனார்: மூடும் நேரத்துக்குப் பிறகு சாமான்களை எடுத்து வைக்க அரை மணி நேரம் தர வேண்டும், அதை வாய் வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் தர வேண்டும். தளர்வு கேட்கும்போது இந்த அரை மணி நேரத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

பதிவேடு வைப்பதாக ஒப்புக்கொண்டால் வையுங்கள். 2020 ஜூனில் சலூனுக்கு வருகிறவர்களின் பெயர், போன், ஆதார் விவரம் எழுத வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஊரில் ஒரு சலூன் நோட்டைப் பார்த்தேன். நாற்பது பேர், நாற்பதும் ஒரே கையெழுத்து, அதில் ஏழு பேர் முருகன். சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் சிரித்துவிட்டுப் போனார். எல்லாரும் சிரிக்க மாட்டார்கள். இவ்வளவு வேண்டாம், பெயரும் போன் எண்ணும் போதும் என்று அப்போதே ஒரு வரி எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். நடத்த முடியாத நிபந்தனையை மாற்றச் சொல்வதும் தளர்வுதான், அதற்கும் மனு கொடுக்கலாம்.

மனுவில் கீழே ஒரு போன் எண், எப்போதும் எடுக்கிற எண்ணாக, இருக்கட்டும். மூன்று பிரதி எடுங்கள், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட நான் மறந்தாலும் கேட்டு வாங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2021 ஜூன் 14ஆம் தேதி அக்கரை மாவட்டத்தில் டீக்கடைகளுக்கும் அனுமதி வந்தது, பார்சல் மட்டும், பாத்திரம் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. மறுநாள் காலை ஆய்வுக் கூட்டத்துக்குக் கிளம்பிய அண்ணனின் கார் பாலத்தடியில் நின்றது. எங்கள் கரைக்காரர் ஒருவர் தூக்குவாளியோடு நடந்தே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். இக்கரையில் இருபது வருடமாக டீக்கடை வைத்திருப்பவர். அண்ணன் கண்ணாடியை இறக்கி, "என்னய்யா, நீயே அங்க போயி டீ வாங்குறியா?" என்றார். "கடைக்கு இல்லண்ணே, வீட்டுக்கு" என்று அவர் வாளியைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பி, இவர் மனு கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். கொடுத்திருந்தார். "வாழ்வாதாரம் கருதி ஆவன செய்யுமாறு" என்று மூன்று வரி. "சாயங்காலம் வரச் சொல்லு, உக்காந்து எழுதுங்க" என்றார்.